கல்யாணத்தில் சொந்தபந்தம் எடுத்த படங்களை க்யூஆர் கோடு வைத்துச் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் அப்பத்தாவின் கடைசி நல்ல படம் அண்ணன் கல்யாணத்தில் எடுத்தது. பந்தி முடிந்து, மண்டபத் தூணில் சாய்ந்து, வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். எடுத்தது சித்தப்பா மகன், தன் போனில். கல்யாண ஆல்பத்தில் அப்பத்தா இருப்பது ஒரே ஒரு படத்தில்தான், மேடையில் எல்லோரோடும் விறைப்பாக நின்றபடி. அவர் தவறியபோது மாலை போட்டு வைக்க அந்தச் சிரிப்புப் படத்தைத்தான் எல்லோரும் கேட்டோம். கிடைத்தது வாட்ஸ்ஆப்பில் மூன்று கை மாறி வந்த நகல். முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் வெறும் மங்கல். அசல் படம் இருந்த போனை அதற்குள் விற்றுவிட்டிருந்தான்.

போட்டோகிராபர் மேடையைப் பார்த்துக்கொள்வார். சமையல்கட்டில் மாமா பாயசத்துக்கு ருசி பார்த்தது, நலங்கில் அத்தைகள் விழுந்து விழுந்து சிரித்தது, தாலி கட்டும் நொடியில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டது இதெல்லாம் சொந்தக்காரர்களின் போன்களில்தான் இருக்கும். அதை அசல் தரத்தோடு, போன் மாறுவதற்குள் வாங்கிவிட வேண்டும். அதற்கு நான் பிடித்த வழி க்யூஆர் கோடு: மண்டபத்தில் ஒட்டிய கோட்டை விருந்தினர் போனில் ஸ்கேன் செய்தால் படம் ஏற்றும் பக்கம் திறக்கும். வீட்டில் அடுத்து நடந்த இரண்டு கல்யாணங்களில் இந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். முதல் கல்யாணத்தில் நடந்த தப்புகளையும் இரண்டாவதில் திருத்திக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், வாட்ஸ்ஆப் குரூப் ஏன் போதாது

வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வந்து சேர்கிறது. நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சல் அளவுக்குக் குறைந்துவிடும். 6க்கு 4 அங்குலப் பிரிண்ட் நன்றாக வர 1800க்கு 1200 பிக்சல் வேண்டும் என்பது அச்சுக் கணக்கு. ஆக, சின்னப் பிரிண்ட் சுமாராக வந்துவிடும். 12க்கு 18 அளவில் சட்டம் போடவோ, கூட்டத்தில் ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுக்கவோ தாங்காது. 2023இல் வந்த ஹெச்டி தேர்வு கொஞ்சம் உதவும். டாக்குமெண்டாக அனுப்பினால் அசலே வரும். ஆனால் அதை முந்நூறு பேருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அதை எடுத்த தேதியும் நேரமும் பதிந்திருக்கும். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் போய்விடும். அப்புறம் எது மாப்பிள்ளை அழைப்பு, எது மறுநாள் முகூர்த்தம் என்று வரிசைப்படுத்தக் கண்ணை நம்பித்தான் உட்கார வேண்டும்.

படம் எங்கே போய்ச் சேர வேண்டும்

க்யூஆர் கோடு உருவாக்க ஐந்து நிமிடம் போதும். யோசிக்க வேண்டியது அந்தக் கோடு எந்த இடத்துக்குக் கூட்டிப்போகிறது என்பதைத்தான். பணம் கட்டினால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் செயலிகள் பல இருக்கின்றன. செலவில்லாமல் நாமே செய்ய நான் முயன்று பார்த்த வழிகள் இவை.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கூகுள் போட்டோஸ் பகிர்வு ஆல்பம். ஒரு ஆல்பத்தில் 20,000 படம், வீடியோ வரை போடலாம், எல்லோரும் உடனே பார்க்கவும் செய்யலாம். முதல் கல்யாணத்தில் இதைத்தான் வைத்தேன். பாதிப் பேரால் போட முடியவில்லை. ஆல்பத்தில் சேர்க்கும் படம் முதலில் அவரவர் கணக்கில் ஏற வேண்டும், அது அவரவருடைய இலவச 15 ஜிபியில்தான் கழியும். 2021 ஜூன் முதல் படங்களுக்கு வரம்பில்லாத இலவச இடம் கிடையாது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்ஆப் பேக்கப்பும் இப்போது அதே 15 ஜிபியில்தான் உட்காருகிறது. நம் பெரியப்பா, சித்தி கணக்கெல்லாம் எப்போதோ நிரம்பியிருக்கும். நிரம்பிய கணக்கிலிருந்து ஒரு படம்கூட வராது.

அடுத்தது கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவிடுவது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். படம் போட அனுமதி வேண்டுமென்றால் திருத்தும் உரிமையைக் கொடுத்தாக வேண்டும். அந்த உரிமை உள்ளவர் அடுத்தவர் போட்ட படத்தை ஃபோல்டரிலிருந்து எடுத்துவிடவும் முடியும். ஒரு குழந்தையின் கை பட்டால் போதும்.

டிரைவ் போலவே இணையத்தில் கோப்பு சேமிக்கும் டிராப்பாக்ஸில் கோப்பு கேட்டு வாங்கும் வசதி ஒன்று உண்டு. விருந்தினருக்குக் கணக்கே வேண்டாம், பெயர் போட்டுப் படத்தை ஏற்றலாம். சுலபமான வழி இதுதான். இலவசக் கணக்கில் 2 ஜிபி மட்டும் என்பதால் சின்ன நிச்சயதார்த்தத்துக்கு, வளைகாப்புக்குப் பொருந்தும்.

பெரிய கல்யாணத்துக்கு நான் கைக்கொள்வது கூகுள் ஃபார்ம், அதாவது கேள்வி போட்டுப் பதிலும் கோப்பும் வாங்கும் இணையப் படிவம். படங்கள் நம் டிரைவில் வந்து விழும், இடம் நம் கணக்கில்தான் கழியும், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கவோ தொடவோ முடியாது. விருந்தினர் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்டுப்பாடு. ஆண்ட்ராய்டு போனில் அது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். ஐபோன்காரர்களில் சிலர் சிரமப்படலாம், அவர்களுக்கு டிராப்பாக்ஸ் இணைப்பைத் தனியாக அனுப்பிவிடலாம்.

ஃபார்மைத் தயார் செய்வது

இதற்கென்று புதிய ஜிமெயில் கணக்கு ஒன்று தொடங்குங்கள். 15 ஜிபி முழுசாகக் காலியாகக் கிடைக்கும். கல்யாணப் பெண்ணோ மாப்பிள்ளையோ அதைப் பார்த்துக்கொள்ள முடியாது, அன்று அவர்கள் கையில் போனே இருக்காது. தம்பியோ மச்சானோ ஒருவர் பொறுப்பேற்கட்டும்.

இடம் போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நூறு பேர் ஆளுக்கு 15 படம், படம் 4 எம்பி என்றால் 6 ஜிபி. தொல்லை வீடியோவில் இருக்கிறது. ஐபோனில் முழு ஹெச்டியில் ஒரு நிமிடம் எடுத்தால் 60 எம்பியிலிருந்து 130 எம்பி, 4கே என்றால் 170இலிருந்து 350 எம்பி வரை போகும். வீடியோவும் வேண்டுமென்றால் மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாயில் கிடைக்கும் 100 ஜிபி திட்டத்தை இரண்டு மாதத்துக்கு எடுத்துக்கொள்வது நிம்மதி.

ஃபார்மில் இரண்டே கேள்வி போதும். ஒன்று பெயரும் உறவும்: 'யார் வீட்டு ஆள், என்ன முறை?' இன்னொன்று கோப்பு ஏற்றும் கேள்வி. இந்த இரண்டாவதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் ஃபார்ம் தானாக வைத்திருக்கும் அளவுகள் கல்யாணத்துக்கு ஆகாது.

ஒருவர் ஒரு தடவைக்கு ஒரே கோப்பு என்று இருக்கும், அதைப் 10 ஆக்குங்கள். கோப்பு 10 எம்பிக்குள் என்று இருக்கும். அப்படியே விட்டால் ஒரு வீடியோவும் வராது, 1 ஜிபி ஆக்குங்கள். கோப்பு வகையில் படம், வீடியோ இரண்டை மட்டும் அனுமதியுங்கள். மொத்த ஃபார்முக்கும் 1 ஜிபி என்று ஒரு உச்சவரம்பும் உண்டு. அது நிறைந்தால் ஃபார்ம் படம் வாங்குவதை நிறுத்திவிடும், முகூர்த்த நேரத்தில் நமக்குத் தெரியக்கூட வராது. அதை அமைப்புகளுக்குப் போய் 100 ஜிபிக்கு உயர்த்துங்கள். ஒருவர் ஒரு முறைதான் பதில் அளிக்கலாம் என்ற தேர்வு அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அணைத்திருந்தால்தான் மத்தியானம் பத்துப் படம் போட்டவர் ராத்திரி இன்னொரு பத்து போட முடியும்.

ஃபார்ம் அனுப்பிய பிறகு வரும் நன்றிச் செய்தியை உங்கள் வீட்டு வார்த்தையில் எழுதுங்கள். 'படம் வந்து சேர்ந்தது. இன்னும் இருந்தால் மறுபடி போடுங்கள்' என்றால் போதும். இது இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று பெரியவர்கள் தவிப்பார்கள்.

கோடு: காசு கொடுக்க வேண்டாம்

க்யூஆர் கோட்டை 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவும் உருவாக்கினார்கள், வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க. காப்புரிமை கையில் இருந்தும் அதைக் காட்டிக் காசு கேட்பதில்லை என்று அந்த நிறுவனம் முடிவெடுத்ததால்தான் இன்று பெட்டிக்கடை வரை அது வந்திருக்கிறது. ஆகவே கோடு உருவாக்க நீங்கள் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.

இங்கேதான் நான் முதல் முறை ஏமாந்தேன். இலவசம் என்று சொன்ன ஒரு தளத்தில் கோடு எடுத்து, அச்சடித்து, எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டோம். இலவச நாட்கள் முடிந்ததும் ஸ்கேன் செய்தவர்களுக்குப் பணம் கட்டச் சொல்லும் பக்கம் வந்தது. கோடுகளில் இரண்டு வகை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நிலையான கோட்டில் உங்கள் இணைப்பே அந்தக் கட்டங்களுக்குள் எழுதப்பட்டிருக்கும், அதற்குக் காலாவதி கிடையாது. மாற்றக்கூடிய கோட்டில் இருப்பது அந்தத் தளத்தின் இணைப்பு. அவர்கள் வழியாகத்தான் உங்கள் பக்கத்துக்குப் போகும், அவர்கள் கதவை மூடினால் அதோடு சரி. நமக்கு வேண்டியது நிலையானது. ஃபார்மின் இணைப்பைச் சுருக்கும் தேர்வு ஃபார்மிலேயே இருக்கிறது. கணினியில் குரோம் உலாவியின் பகிர்வு மெனுவில் க்யூஆர் கோடு என்பதைத் தட்டி, வரும் பெட்டியில் சுருக்கிய இணைப்பை ஒட்டினால் கோட்டைப் படமாகச் சேமித்துக்கொள்ளலாம். கேன்வாவில் அழைப்பு அட்டை வடிவமைப்பவர்கள் அங்கேயே உருவாக்கலாம். எதில் செய்தாலும் கோட்டை ஸ்கேன் செய்து, திரையில் தெரியும் முகவரி நீங்கள் கொடுத்ததுதானா என்று பாருங்கள். வேறு பெயர் தெரிந்தால் அது மாற்றக்கூடிய வகை.

இணைப்பு சின்னதாக இருந்தால் கட்டங்கள் பெரிதாக, தெளிவாக வரும். கறை, கிழிசலைச் சமாளிக்க க்யூஆர் கோட்டில் நான்கு நிலைகள் உண்டு, 7 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்க முடியும். உங்கள் தளம் தேர்வு கொடுத்தால் 30ஐ எடுங்கள். சந்தனக் கையும் குங்குமக் கையும் படும் இடம் அது.

அச்சடிப்பதில் கவனிக்க வேண்டியது

கல்யாணம் என்றாலே அரக்கும் தங்கமும்தான். ஆனால் அரக்குப் பின்னணியில் தங்க நிறக் கோடு அச்சடித்தால் பல போன்கள் படிக்காது. வெள்ளையில் கறுப்பு அடியுங்கள். அலங்காரமெல்லாம் சுற்றிலும் இருக்கட்டும், கோட்டை ஒட்டி நான்கு பக்கமும், அதிலுள்ள சின்னக் கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெறும் வெள்ளை விட வேண்டும். பிளெக்ஸ் பளபளத்து விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், மேட் தாள் நல்லது.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு: எவ்வளவு தூரத்தில் நின்று ஸ்கேன் செய்வார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தூரத்துக்குப் 10 செ.மீ., இரண்டு மீட்டருக்கு 20 செ.மீ. கையில் வைத்துப் பார்க்கும் அட்டையில் இரண்டரை செ.மீ.க்குக் குறைய வேண்டாம்.

இனி, வாசகம். நம் ஊரில் க்யூஆர் கோடு என்றாலே பணம். மொய் மேஜையிலேயே கோடு வைக்கும் காலம் இது. இன்னொரு கோட்டைப் பார்த்தால் அதுவும் மொய் என்று நினைத்துச் சிலர் சங்கடப்படுவார்கள், சிலர் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து ஸ்கேன் செய்து 'செல்லாத கோடு' என்று வந்ததும் விட்டுவிடுவார்கள். இரண்டும் எங்கள் முதல் கல்யாணத்தில் நடந்தது. இரண்டாவதில் பலகையில் இப்படி எழுதினோம்:

'நீங்கள் எடுத்த படங்களை எங்களுக்கும் தாருங்கள். போன் கேமராவைத் திறந்து இந்தக் கட்டத்தின் மேல் காட்டுங்கள். பணம் அனுப்பும் ஆப்பில் வராது. இது மொய் இல்லை, படத்துக்கு மட்டும்.'

மேலே ஒரு கேமரா படம் பெரிதாக. அதன் பிறகு யாரும் குழம்பவில்லை. பலகையை மொய் மேஜைக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

மண்டபத்தில் எங்கே வைப்பது

வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுக்கும் இடத்தில்தான் எல்லோரும் வைக்கிறார்கள். அங்கே யாருக்கும் நிற்க நேரமில்லை, கையும் காலியாக இல்லை. அதோடு, அப்போது அவர்கள் ஒரு படமும் எடுத்திருக்க மாட்டார்கள்.

சரியான இடம் வரவேற்பு மேடைக்குப் பக்கவாட்டில் நீளும் வரிசை. பரிசுக் கவரை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்பார்கள், கையில் போன் இருக்கும், செய்ய வேறு வேலை இருக்காது. வரிசை நெடுக, கண் மட்டத்தில், மூன்று இடத்தில் வையுங்கள். அடுத்தது பந்திக்குக் காத்திருக்கும் நாற்காலிகள். இலை முன்னால் வைப்பதில் பயனில்லை. மேடை எல்இடி திரையில் காட்டுவதானால் வெள்ளைப் பின்னணியில், அசையாமல், அரை நிமிடமாவது நிற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பலன் கொடுத்தது தாம்பூலப் பை. தேங்காய், வெற்றிலை பாக்கோடு விசிட்டிங் கார்டு அளவில் ஒரு அட்டை. வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரிக்கும்போதுதான் மனிதர்கள் ஆற அமர உட்கார்ந்து அன்று எடுத்த படங்களைப் பார்க்கிறார்கள். வீட்டில் வைஃபை இருந்தால் அதிலேயே ஏற்றிவிடலாம். மண்டபத்தில் தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி டேட்டாவை வைத்துக்கொண்டு வீடியோ ஏற்றச் சொல்வது நியாயமில்லை. கீழ்த்தளச் சாப்பாட்டுக் கூடத்தில் சிக்னலும் இருக்காது.

பத்திரிகையில் கோடு அச்சடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்யாணத்தன்று யார் கையிலும் பத்திரிகை இருக்காது, இணைப்பும் ஒன்றரை மாதம் முன்பே ஊரெல்லாம் சுற்றும். நிச்சயதார்த்தம், வரவேற்பு, முகூர்த்தம் என்று தனித்தனிக் கோடும் வேண்டாம். ஒரே கோடு. நேரத்தை வைத்து அப்புறம் நாமே பிரித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் சாயங்காலம் மண்டபத்துக்குள் நின்று, அச்சடித்த தாளை வைத்தே சோதியுங்கள். ஒரு பழைய ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன், அப்பாவின் போன், மூன்றிலும் ஒரு படமும் ஒரு வீடியோவும் ஏறி டிரைவில் வந்து விழுகிறதா என்று பாருங்கள். கடைகளில் பணம் வாங்கும் கோட்டின் மேல் வேறு கோடு ஒட்டி ஏமாற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அதனால் அன்று இரண்டு முறையாவது பலகைகளைச் சுற்றிவந்து பாருங்கள், மொய்க் கோட்டையும் சேர்த்து.

ஆள் கேட்டால்தான் படம் வரும்

பலகை பார்த்துத் தாமாக அனுப்புபவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். அப்பத்தா படம் மாதிரியானவை கிடைப்பது பெரியவர்கள் போனிலும், ஓரமாக உட்கார்ந்திருந்தவர்கள் போனிலும்தான். அவர்கள் ஸ்கேன் செய்ய மாட்டார்கள். கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கு, பெண் வீட்டில் ஒன்று, மாப்பிள்ளை வீட்டில் ஒன்று, இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கால் நீட்டி உட்காரும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்காரட்டும். 'பெரியம்மா, இன்னைக்கு எடுத்த போட்டோ காட்டுங்களேன்' என்று கேட்டால் ஆசையாகக் காட்டுவார்கள். எதை அனுப்பலாம் என்று அவர்களே சொல்ல, பிள்ளைகள் ஏற்றிக் கொடுக்கட்டும். போனை வாங்கித் தாமாகத் துழாவக் கூடாது என்பதை முன்பே சொல்லிவையுங்கள்.

மறுநாள் குடும்ப குரூப்பில் இணைப்பைப் போடுங்கள். பொதுவான செய்திக்கு வருவதைவிடப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் படம் வரும். 'சித்தி, ஊஞ்சல் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டிருந்தீர்களே, அது வேண்டும்' என்று அனுப்பினேன், ஐந்து நிமிடத்தில் 22 படம் வந்தது. கட்டிலில் படுத்திருந்த மாமாவுக்கு அவர் மகள் வீடியோ காலில் தாலி கட்டுவதைக் காட்டிக்கொண்டிருக்கும் படம் அதில் ஒன்று. இப்படி ஒரு இருபது பேரை நினைவுவைத்துத் தனித்தனியாகக் கேளுங்கள். பத்தாம் நாள் ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம்.

வந்த படங்களை என்ன செய்வது

முப்பது நாள் கழித்து ஃபார்மில் பதில் ஏற்பதை நிறுத்திவிடுங்கள். எல்லாவற்றையும் கணினியில் இறக்கி, எடுத்த நேரப்படி அடுக்கினால் இரண்டு நாளும் அப்படியே கண் முன்னால் ஓடும். போட்டோகிராபரின் கேமராக் கடிகாரம் சில நிமிடம் முன்பின்னாக இருக்கும். தாலி கட்டும் படத்தை இரண்டிலும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கலாம். ஐபோன் படங்கள் ஹெச்இஐசி வடிவில் வந்தால் பிரிண்ட் போடும் முன் ஜேபெக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு 200 படம் பொறுக்கி, பார்க்க மட்டும் முடிகிற கூகுள் போட்டோஸ் ஆல்பமாக உறவுகளுக்கு அனுப்புங்கள். பொறுக்கும்போது கவனம் வேண்டும். மணமகள் அறையில் உடை மாற்றும் நேரத்தில் எடுத்தவை, அரைகுறை உடையில் ஓடும் குழந்தைகள், அழுதபடி இருப்பவர்கள், யாரும் வெளியே தெரிவதை விரும்பாத நிலையில் இருப்பவர்கள், இவையெல்லாம் பொது ஆல்பத்துக்குப் போகக் கூடாது. ஒருவர் 'என் படத்தை எடுத்துவிடு' என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

அசல்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, பெண் வீட்டில் ஒன்றும் மாப்பிள்ளை வீட்டில் ஒன்றும் வையுங்கள். டிரைவை மட்டும் நம்பக் கூடாததற்குக் காரணம் உண்டு: இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்கையும் அதில் உள்ளதையும் கூகுள் நீக்கிவிடலாம். இதற்காகவே தொடங்கிய கணக்கை யாரும் தினமும் திறக்கப்போவதில்லை. 100 ஜிபி திட்டத்தை நிறுத்தும் முன் எல்லாவற்றையும் இறக்கியாயிற்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லைத் தம்பதி இருவரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வருடா வருடம் கல்யாண நாளன்று காலையில் அந்தக் கணக்கை ஒருமுறை திறந்து படங்களைப் பார்க்கச் சொல்லுங்கள், கணக்கும் உயிரோடு இருக்கும்.